எந்த விதியிலும் இல்லாத நாற்றம்

மோட்டார் வாகனச் சட்டத்தை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்தவனை லாரிப் பக்கம் அண்டவே விடக்கூடாது. சொல்கிறவன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன்.

என் மாப்பிள்ளை தனசேகர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் லாரி டிரைவர். மாதச் சம்பளம், பி.எஃப்., ஞாயிறு விடுமுறை. நான் ஓய்வு பெற்ற வருடம் கம்பெனி ஒரு யோசனை சொன்னது. ஓட்டுகிற லாரியை டிரைவரே தவணையில் வாங்கிக்கொண்டு, கம்பெனியின் ஷூ பெட்டிகளை வாடகைக்கு ஏற்றலாம். முதலில் பதினைந்து நாள் சொந்த வண்டிபோல ஓட்டிப் பார்க்கலாம். வெளிச் சரக்கும் எடுக்கலாம். பிடிக்காவிட்டால் வண்டியை இருந்தபடியே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய வேலைக்கு வந்துவிடலாம்.

மாப்பிள்ளைக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. என் மகள் வனிதாவுக்குப் பயம் மட்டும்தான். "அவரே யோசிச்சி முடிவு பண்ணட்டும். நீ இதுல கை வெக்காதப்பா" என்றாள். (என்னைப் பார்த்து ஏன் சொல்கிறாள் என்று அன்று எனக்கு ஆத்திரமாக வந்தது.)

கை வைத்தேன். பர்மிட், தகுதிச் சான்று, காப்பீடு, வரி, புகைச் சான்று எல்லாவற்றையும் தனித்தனி உறையில் போட்டு, பொருளடக்கத்தோடு ஒரு கோப்பு தயாரித்தேன். மாப்பிள்ளை பதினைந்து நாள் ஓட்டிப் பார்க்க வண்டியை எடுத்து வந்தார். கம்பெனி சரக்கு திங்கட்கிழமைதான் என்றார்கள். சனிக்கிழமை வண்டி சும்மா நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. மேல்விஷாரத்தில் தோல் மண்டி வைத்திருக்கும் காதர் பாய்க்கு போன் போட்டேன். அரக்கோணத்தில் உப்புத்தோல், அதாவது பதனிடாமல் உப்பு மட்டும் போட்ட பச்சைத் தோல், ஒரு லோடு கிடக்கிறது, வண்டிதான் கிடைக்கவில்லை என்றார். ஏன் கிடைக்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

"வேணாம் மாமா" என்றார் மாப்பிள்ளை. "உப்புத்தோலு ஒரு தபா ஏத்துனா அவ்ளோதான். வாடை போவாது. ஷூ கம்பெனிக்காரன் கிட்டவே சேக்க மாட்டான்."

"எந்த விதியில இருக்குது? காட்டுங்க பாக்கலாம். பர்மிட்ல சரக்குன்னு போட்டிருக்குது. தோலு சரக்கு இல்லியா?"

விதி எண் சொல்லத் தெரியாத ஒரே குற்றத்துக்காக அந்த மனிதர் வண்டியை எடுத்தார். நானும் கோப்போடு பக்கத்தில் ஏறிக்கொண்டேன். லோடு ஏற்றித் திரும்பும்போது காவேரிப்பாக்கம் வருவதற்குள் தோலிலிருந்து உப்புத் தண்ணீர் கசிந்து தரைப் பலகையில் ஊறிவிட்டது. வழியில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். ஆவலோடு கோப்பைத் திறந்தேன். அவர் இரண்டடி கிட்டே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "போ சார், போ சார்!" என்றார்.

"பேப்பர் பாருங்க!" என்று கத்தினேன். பார்க்கவில்லை. கடமை தவறிய மனிதர்.

ஞாயிறு முழுவதும் கழுவினோம். பினாயில், எலுமிச்சம்பழம், கடைசியில் சாம்பிராணி. நாற்றம் போகவில்லை. பூசை செய்த நாற்றமாக மாறியது.

திங்கட்கிழமை கம்பெனி கேட்டில் சூப்பர்வைசர் பின்கதவைத் திறந்தார், உடனே மூடினார்.

"இன்னா சார் இது? எக்ஸ்போர்ட் சரக்கு இதுல எப்படி போவும்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. "நீங்க ஷூவ இன்னா பஞ்சுலயா செய்றீங்க? இதே தோலுதானய்யா!"

"அந்தத் தோலு படிச்சி பட்டம் வாங்கினது சார். இது இப்பத்தான் ஸ்கூல்ல சேந்திருக்குது."

சரி, வண்டியே வேண்டாம், வேலைக்குத் திரும்பிவிடுகிறோம் என்று மேனேஜரிடம் போனோம். அவர் இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, "இருந்தபடியேன்னு எழுதியிருக்கு. இருந்தபடியா சார் இருக்கு?" என்றார். வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு ஒரு பிரிவும் ஞாபகம் வரவில்லை.

கம்பெனியா, சொந்த வண்டியா என்று மாப்பிள்ளை மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் யோசித்த கேள்வி அந்தக் கேட்டிலேயே தீர்ந்துபோனது. அவர் பேனாவை வாங்கி, வண்டியைத் தவணையில் எடுக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வனிதா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இன்று அந்த வண்டி உப்புத்தோல் தவிர வேறு எதுவும் ஏற்றுவதில்லை, யாரும் கொடுப்பதில்லை. லோடுக்குக் குறைவில்லை என்கிறார் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைதான் இல்லை. மண்டியில் வண்டி நம்பரை யாரும் சொல்வதில்லையாம். "மாமனார் வண்டி கெளம்பிட்சா?" என்றுதான் கேட்பார்களாம்.

போன வாரம் மேல்விஷாரம் போயிருந்தேன். காதர் பாய் தன் ஆட்களைக் கூப்பிட்டு, "டேய், இவருதான்டா அந்த மாமனாரு!" என்றார். சுமை தூக்குகிறவர்கள் உட்பட அத்தனை பேரும் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். என் சர்வீஸ் முழுவதிலும் எனக்காக ஒருவரும் அப்படி எழுந்து நின்றதில்லை.