நிம்மதிக் கடற்கரைக்கு ரெண்டு டிக்கெட்

கப்பல் கொசுமெல் தீவைத் தொடுவதற்கு முந்தைய நாள், லிஃப்டுக்குள் நின்று நான் ஒரு சபதம் செய்தேன்.

"நாளைக்கு எங்க போறதுங்கிறதை நான்தான் முடிவு பண்ணுவேன். நான் மட்டும்தான்!"

லிஃப்டில் இருந்த ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எட்டுப் பேருக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஒன்பதாவது ஆள் என் மனைவி கூக்கா.

"ஏழாவது மாடி வந்துடுச்சு. இறங்கு கிழவா," என்றாள்.

கொஞ்சும்போதுதான் அவளுக்கு நான் கிழவன். கோபம் வந்தால் ஏவரிஸ்தோ கார்சா என்று முழுப்பெயரும் வரும். கிழவா என்றாளே தவிர, சபதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதிலேயே எனக்குப் பாதி கோபம் ஏறிவிட்டது. மனுஷன் சபதம் செய்தால் எதிர்க்க வேண்டாமா?

என் கோபத்துக்கு நியாயம் உண்டு. மெக்சிகோவில் எங்கள் மோந்தெரே நகரத்து பாட்டில் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். நிமிஷத்துக்கு நானூறு பாட்டில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஓடும். வீட்டுக்கு வந்தால் கூக்கா. விடுமுறை விட்டால் அதைவிட மோசம். தேனிலவுக்கு பிரமிடு ஏற வைத்தாள். பத்தாவது கல்யாண நாளுக்குக் குகைக்குள் இறக்கினாள். இருபதாவதுக்குப் பள்ளத்தாக்கு. ஒரு விடுமுறையிலாவது நான் நிம்மதியாகப் படுத்தது உண்டா? உண்டு. காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில்.

ஓய்வு பெற்றதும் டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்துவிட்டு மெஷினைத் தட்டினார். மறுபடி பார்த்தார். "ஒரு நாளாவது ஒண்ணும் செய்யாம படுங்க, ஏவரிஸ்தோ ஐயா. கோபமே படக் கூடாது," என்றார். அதை அவர் சொன்ன விதமே எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

மகள் இந்தக் கப்பல் பயணத்தைப் பரிசாகக் கொடுத்தாள். ஏழு நாளில் ஒரு நாள் கொசுமெல். அந்த ஒரு நாள் என்னுடையது.

கரையில் என்னென்ன சுற்றுலா என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். முப்பத்தெட்டு வரி. சாப்பாட்டு மேஜையில் கூக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

"இங்க பாரு, பாதாள நதியில நீச்சல்."

"வேண்டாம்."

"கயித்துல தொங்கிக்கிட்டே காட்டுக்கு மேல பறக்கிறது."

"என்னைப் பார்த்தா குரங்கு மாதிரி தெரியுதா?"

"குரங்குக்கு இவ்வளவு தொப்பை இருக்காது. சரி, மாயா இடிபாடு. வெறும் நாலு மணி நேரம்தான் நடை."

"நானே ஒரு இடிபாடு!"

"அதைத்தான் தினம் பார்க்கிறேனே. ஒரு மாறுதலுக்கு வேற இடிபாடு பார்க்கலாம்."

நான் தாளைப் பிடுங்கினேன். கடைசி வரியில், சின்ன எழுத்தில் இருந்தது: 'நிம்மதிக் கடற்கரை. தீவின் தென்கோடி. வலை ஊஞ்சல், நிழல், சாப்பாடு. பாட்டு கிடையாது. நடனம் கிடையாது. வழிகாட்டி கிடையாது.' எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஐயய்யோ, அது மட்டும் வேண்டாம்!" கூக்கா அலறினாள். "அது செத்த இடம். ஈ காக்கா இருக்காது."

"எனக்கு ஈயும் வேண்டாம், காக்காவும் வேண்டாம்."

"செய்றதுக்கு ஒண்ணுமே இல்ல அங்க!"

"அதைத்தான் செய்யப் போறேன்."

"அங்க கூட்டிட்டுப் போனா நாள் முழுக்க உன்கூடப் பேச மாட்டேன், ஏவரிஸ்தோ கார்சா!"

"நிஜமாவா? டிக்கெட் விலையிலேயே அதுவும் சேர்த்தியா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இடிபாடுதான். போய் ரெண்டு டிக்கெட் வாங்கிட்டு வா," என்றாள். அவ்வளவுதான், முடிவு.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக. சரி என்று தலையாட்டிவிட்டுக் கீழே போனேன். டிக்கெட் மேஜையில் வெரகுரூஸ் ஊர்க்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். யெசேனியா என்று சட்டையில் குத்தியிருந்தது.

"சொல்லுங்க ஐயா, என்ன வேணும்?"

"நிம்மதி வேணும்மா."

"ரெண்டு பேருக்குமா?"

"முடிஞ்சா எனக்கு மட்டும். முடியாதுன்னா ரெண்டு பேருக்கு."

டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மூஞ்சியைத் தொங்கப்போட்டபடி மேலே வந்தேன். "கூக்கா, என்ன சொல்ல... இடிபாடு நிறைஞ்சு போச்சு. பாதாள நதியும் நிறைஞ்சு போச்சு. குரங்குக் கயிறுகூட இல்ல. அந்தப் பாழாப்போன கடற்கரை மட்டும்தான் மிச்சம்."

கூக்கா கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. எனக்கே பாவமாகிவிட்டது. அழுகிறாளே, ரொம்ப கொடுமை செய்துவிட்டோமோ என்று அவளுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

காலையில் அவளுடைய பையை நான் தூக்கியபோது என் தோள்பட்டை கழன்றது.

"என்னடி இவ்வளவு கனம்?"

"துண்டு."

"துண்டு இப்படிக் கனக்குமா?"

"நனைஞ்சா கனக்கும்."

"இன்னும் கடலுக்கே போகலையே!"

"வரும்போது நனைஞ்சுதானே இருக்கும்? கேள்வி கேட்காம தூக்கு."

தூக்கினேன். துறைமுகத்தில் ஐந்து கப்பல் நின்றது. வெளியே போகும் வழி ஒன்றுதான், அதுவும் நாற்பது கடைக்குள் புகுந்து போகிறது. வெள்ளிக் கடைக்காரன் கையைப் பிடித்தான். தொப்பிக் கடைக்காரன் தலையைப் பிடித்தான். என் சொந்த நாட்டில் என்னிடமே ஒருவன், வெளிநாட்டுக்காரனை நண்பா என்று கூப்பிடுவதுபோல, "அமிகோ, அமிகோ" என்றான். "நானும் மெக்சிகோக்காரன்தான்டா, விடுடா!" என்று கத்தினேன். "அப்போ உங்களுக்குப் பாதி விலை," என்றான். வேன் எப்போது வரும் என்று கேட்டால் டிரைவர் "இதோ" என்றார். எங்கள் நாட்டில் 'இதோ' என்றால் ஐந்து நிமிஷமும் ஆகலாம், ஈஸ்டரும் ஆகலாம். ஐம்பது நிமிஷம் ஆனது. ரத்தம் காது வரை வந்துவிட்டது.

ஆனால் போய் இறங்கியதும் அத்தனையும் அடங்கியது. வெள்ளை மணல். பச்சைக் கடல். ஈ இல்லை, காக்கா இல்லை. வேனில் வந்த ஆறு பேரும் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டார்கள். இரண்டு தென்னைக்கு நடுவே ஒரு வலை ஊஞ்சல் எனக்காகவே காத்திருந்தது. ஏறிப் படுத்தேன். தொப்பியை முகத்தில் கவிழ்த்தேன். முப்பத்தொரு வருஷத்து பாட்டில் சத்தம் ஒவ்வொன்றாகக் காதை விட்டு இறங்கிப் போனது.

சரியாக நாலு நிமிஷம்.

"மச்சான்!"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். தொப்பியைக் கொஞ்சமாக விலக்கினேன். என் கொழுந்தியாள் லாலா. அவளுக்குப் பின்னால், இடுப்பில் துணி கட்டிக்கொண்டு, கையில் இடுக்கியோடு, பல்லெல்லாம் காட்டிக்கொண்டு நின்றான் என் சகலை நிக்கானோர். சகலை வந்தால் சகலமும் போயிற்று.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் மகளின் பதினைந்தாவது பிறந்தநாள். அறுபது விருந்தாளிகள். கொல்லையில் நான் கறி சுட்டுக்கொண்டிருந்தேன். உப்பு எடுக்க உள்ளே போய்த் திரும்பி வந்தால், இவன் என் இடுக்கியை எடுத்து என் அடுப்பில் என் கறியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறான்! மோந்தெரேயில் ஒருவனின் மனைவியைப் பற்றிக்கூடச் சிரித்துப் பேசலாம். அவன் கறியைத் தொடக் கூடாது. "கரிஞ்சுக்கிட்டிருந்துச்சு சகலை," என்றான், அறுபது பேர் காது கேட்க. அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவன் வாசலை நான் மிதிக்க மாட்டேன். அவன் பெயரை என் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது.

யாரும் சொல்லவில்லை. அதனால்தான் அவன் கொசுமெலுக்குக் குடிபோனதையும் யாரும் சொல்லவில்லை. கடற்கரையில் கடை போட்டதையும் சொல்லவில்லை.

ஊஞ்சலிலிருந்து குதித்தேன். வலை காலில் சுற்றி மணலில் விழுந்தேன். கோபமாக எழுந்தேன்.

"கூக்கா! இது உனக்குத் தெரியுமா?"

"எது கிழவா?"

"இது! இவன்! இந்த இடம்!"

"நான்தான் இங்க வேண்டாம், வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேனே. நீதானே டிக்கெட் வாங்கின? இடிபாடு நிறைஞ்சு போச்சுன்னு நீதானே சொன்ன? நிறைஞ்சுதானே போச்சு?"

இடிபாட்டில் இடம் இருந்தது என்று எப்படிச் சொல்வது?

"அவன் வாசலை மிதிக்க மாட்டேன்னு சொன்னேன்ல?"

"இங்க வாசல் எங்க இருக்கு? மணல்தான் இருக்கு."

அதற்குமேல் அவள் எனக்காக நிற்கவில்லை. அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டார்கள். லாலாவின் தலைமுடி விரல் நீளம்தான் வளர்ந்திருந்தது, அதுவும் முழுக்க நரைத்து. அவளுக்குப் பெரிய ஆபரேஷன் நடந்து எட்டு மாசமாகிறதாம். கூக்கா அந்தத் தலையைத் தடவிக்கொண்டே கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று அழுதாள். இந்தத் தடவை கைக்குட்டை இல்லாமல், முகத்தை மூடாமல். பையைத் திறந்தால் துண்டே இல்லை. மோந்தெரே உலர்ந்த கறி, கோதுமை ரொட்டி, லாலாவுக்காகப் பின்னிய சால்வை. இத்தனையையும் நான்தான் சுமந்து வந்திருக்கிறேன்.

அந்த ஆபரேஷன் அன்றைக்குக் கூக்கா எங்கே இருந்தாள்? என் பக்கத்தில், சமையலறையில், எனக்கு முட்டை பொரித்துக்கொண்டு. நான் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்றிருந்தேன், அவள் சொல்லவில்லை. அதை நினைத்ததும் வந்த கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. தெரியாததால் நிக்கானோர் மேலேயே வைத்துக்கொண்டேன்.

திரும்பவும் ஊஞ்சலில் ஏறி, எல்லோருக்கும் முதுகைக் காட்டிப் படுத்தேன்.

"எலுமிச்சையும் மிளகாயும் போட்டு பீர் தரட்டுமா சகலை?"

"தூங்குறேன்."

"கண்ணு திறந்திருக்கே?"

"கோபமாத் தூங்குறேன்!"

அவன் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. மீன் இல்லை. மாட்டு விலாக்கறி. தீவில் கிடைக்காத கறி. எனக்கென்றே வரவழைத்திருக்கிறான், படுபாவி. வாசனை நன்றாக இருந்தது. பிறகு சுமாராக இருந்தது. பிறகு ஓரம் கருகும் வாசனை. ஒற்றைக் கண்ணால் திரும்பிப் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறான்!

படுத்துப் பார்த்தேன். முடியவில்லை. பாவம், கறி என்ன தப்பு செய்தது?

"யோவ், கரியுதுய்யா!" ஓடினேன். அவன் கையிலிருந்த இடுக்கியைப் பிடுங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாவற்றையும் புரட்டிப் போட்டேன். கடைசித் துண்டைப் புரட்டும்போதுதான் உறைத்தது. இன்னொருத்தன் அடுப்பு. இன்னொருத்தன் இடுக்கி. இன்னொருத்தன் கறி.

நிக்கானோர் என்னைப் பார்த்தான். நான் இடுக்கியைப் பார்த்தேன்.

"கரிஞ்சுக்கிட்டிருந்துச்சு," என்றேன்.

"தெரியும் சகலை," என்றான். "நீ வர்ற வரைக்கும் தொடக் கூடாதுன்னு கூக்கா அண்ணி சொல்லியிருந்தாங்க. பெரிய துண்டா நாலு பாழாப்போச்சு. உனக்கு இவ்வளவு ரோஷம் இருக்கும்னு நான் நினைக்கல."

கூக்காவைத் திரும்பிப் பார்த்தேன். லாலாவின் மடியில் கால் போட்டு, என் பீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நடந்ததைச் சொல்லவே எனக்குக் கோபமாக வருகிறது. இடுக்கி என் கையில் இருந்ததால் அடுப்பும் என் பொறுப்பாகிவிட்டது. மூன்று மணி நேரம் வெயிலில் நின்று சுட்டேன். வேனில் வந்த ஆறு பேரும் மூலையை விட்டு வந்து தட்டை நீட்டினார்கள். நிக்கானோர் என் ஊஞ்சலில் படுத்து, என் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக் குறட்டை விட்டான். ஒரு துண்டை மட்டும் எடுத்து, நடுப்பகுதி இளஞ்சிவப்பாக, அவனுக்கென்று தனியாக ஒதுக்கி வைத்தேன். அதை எதற்கு வைத்தேன் என்று யாரும் கேட்கக் கூடாது.

சாயங்காலம் கப்பல் கிளம்பியது. தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சின்னதாகிக்கொண்டே போகும் தீவைப் பார்த்தேன். முதுகு எரிந்தது. கையில் புகை நாற்றம். கூக்கா பக்கத்தில் வந்து நின்றாள். வருஷக்கணக்கில் பார்க்காத ஒரு முகம் அவளுக்கு இருந்தது. இருபத்தைந்து வயசு முகம். ஆனாலும் மனுஷனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"நல்லாக் கேட்டுக்க கூக்கா. இனிமே அவன் தீவுல நான் கால் வைக்க மாட்டேன். அவன் கடைப் பக்கம் தலைவைச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

"வைக்க வேண்டாம் கிழவா. உன்னை யாரு கட்டாயப்படுத்தினா?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக, சொன்ன உடனே ஒத்துக்கொண்டாள்!

"டிசம்பர்ல அவங்கதான் நம்ம வீட்டுக்கு வர்றாங்க," என்றாள். "பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்களோட பதினோரு பேர். ஒரு மாசம்."