வட்ட ஜன்னலும் பாணி மாமாவும்

கட்டடங்களுக்குப் பெயர் சூட்டும் பிராணி ஒன்று இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். தெருவில் அண்ணாந்து பார்த்தபடி நடந்துவந்து, உங்கள்மேல் மோதி, மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் உங்கள் தலைக்கு மேலே இருக்கும் மாடத்தைக் காட்டி அது எந்தக் காலத்துப் பாணி என்று பாடம் நடத்துவாரே, அவர்தான்.

நாம் எடுத்துக்கொண்ட ஆளுக்குச் சொந்தபந்தங்கள் வைத்த பெயர் பாணி மாமா. காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு தள்ளி ஓய்வு பெற்ற நல்ல மனிதர். நாலு ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்ட கட்டடக்கலை வகுப்பு அவரைக் கெடுத்துவிட்டது. தூணின் தலையில் இலை செதுக்கியிருந்தால் ஒரு பெயர், சுருள் இருந்தால் இன்னொரு பெயர், ஜன்னல் வளைவு மேலே கூராக முடிந்தால் கோதிக், சுவரில் காலி இடமே விடாமல் பூவும் பொம்மையும் அப்பியிருந்தால் பரோக். படிப்பு முடிந்தது. அன்றிலிருந்து பல் பிடுங்கப் போனாலும் மருத்துவமனை முகப்பில் அரை மணி நேரம் நிற்பார். துக்க வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசல் தூணைத்தான் விசாரிப்பார்.

கூரை ஒழுகுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பாரா? சேச்சே, அதெல்லாம் குடியிருப்பவர்கள் கவலை. இதை எழுதுகிறவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகியவன்; சொந்த உழைப்பில் இரண்டு மாடி எழுப்பியிருக்கிறான். அது எந்தப் பாணி என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. மழை உள்ளே வருவதில்லை.

மாமாவின் அக்கா மகள் வாடகை வீட்டைக் காலி செய்யவேண்டிய கெடு, அந்த மாதக் கடைசி. மாமியாருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. தரைத்தளத்தில், அவர்கள் கைக்கு எட்டிய விலையில், தேடித் தேடி அகப்பட்டது ஒரே ஒரு வீடு. அதுவும் ஓய்வுபெற்ற தையற்காரர் ஒருவர் விற்கிற பழைய வீடு. பேச்சு முடிந்து, முன்பணம் கொடுப்பது மட்டும் பாக்கி. பெரியவர் ஒருவர் கூட வந்தால் மரியாதை என்று அந்தப் பெண் மாமாவைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட நிமிஷமே பயமும் வந்துவிட்டது.

"மாமா, உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். நாற்காலி போட்டா உக்காருங்க, டீ குடுத்தா குடிங்க. கட்டடத்தப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை வேணாம்."

"ஏம்மா, எனக்கென்ன விவரம் பத்தாதா?"

"கூடிப்போச்சுங்கறதுதான் பயமே," என்றார் அவள் கணவர்.

தையற்காரர் டீ கொடுத்தார். "பழைய வீடும்மா. பராமரிக்க என்னால முடியல. கைமாத்தி விட்டுட்டா பையனோட போய் இருந்துக்குவேன்," என்றார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பாதி டீயில் மாமாவின் கண் மொட்டைமாடிப் படிக்கு மேலே ஏறியது. அங்கே ஒரு வட்ட ஜன்னல். அக்கா மகள் அவர் காலை அழுத்தி மிதித்தாள். மாமா காலை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"அய்யா, இது ஆர்ட் டெக்கோ பாணி."

"எதுங்க?"

"இந்த வீடே. மூலை வளைஞ்சிருக்கு பாருங்க. ஜன்னலுக்கு மேல புருவம் மாதிரி நீட்டியிருக்கு. அந்த வட்டம், கப்பல்ல வைக்கிற ஜன்னல். இனிமே யார் கட்டப்போறா? நீங்க பொக்கிஷத்துல குடியிருக்கீங்க."

தையற்காரர் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். ஒரு காலத்தில் அது காற்றை வெளியே தள்ளும் மின்காற்றாடி வைத்த ஓட்டை. காற்றாடி எரிந்துபோனதும் அவரே ஆள் வைத்துக் கண்ணாடி அடைத்தார். ஆனால் 'நீங்க குண்டாகல, துணிதான் சுருங்கிருச்சு' என்று காலமெல்லாம் வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பழகிய முகம் அது. அசையவில்லை.

"ஆமாங்க. கப்பல் மாதிரி இருக்கணும்னு எங்கப்பா ஆசைப்பட்டுக் கட்டினது," என்றார்.

"அய்யா, நாம பேசினபடி..." என்று அக்கா மகள் கைப்பையைத் திறந்தாள்.

"பொறும்மா. பொக்கிஷம்னு படிச்சவரே சொல்றாரு. அவசரப்பட்டுக் குடுத்துட்டா பையன் என்னைய திட்டமாட்டானா? இப்போதைக்கு விக்கிறதா இல்ல." பிறகு மாமாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு, "நீங்க அடிக்கடி வரணும்," என்றார்.

தெருவுக்கு வந்ததும் அவள் வண்டியில் சாய்ந்து நின்றாள். "மாசக் கடைசியில சாமானெல்லாம் எங்க கொண்டுபோய் இறக்குவேன் மாமா? அத்தைய எந்த மாடிக்குத் தூக்கிட்டுப் போவேன்?"

"விடும்மா. ஒரு நல்ல கட்டடம் இடிபடாம தப்பிச்சுதே, அத நெனச்சுப் பாரு."

"மாமா, இடிக்கப்போறோம்னு நாங்க எப்ப சொன்னோம்? குடியிருக்கத்தானே கேட்டோம்," என்றார் கணவர்.

மாமா அதற்குள் எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பாவம் அந்தப் பெண் என்று உச்சுக்கொட்டுகிறீர்கள். நல்ல மனசு. இருந்தாலும் ஒன்று கேட்கவேண்டும். மாமா பேசிக்கொண்டிருந்தபோது, 'வளைந்த மூலையும் வட்ட ஜன்னலும் இருந்துவிட்டால் மட்டும் ஆர்ட் டெக்கோ ஆகிவிடுமா?' என்று உங்களுக்குள் யாரோ தொண்டையைச் செருமினாரா, இல்லையா? செருமியிருந்தால், உங்கள் சொந்தக்காரர்கள் வீடு வாங்கியதெல்லாம் குடிபோன பிறகே உங்களுக்குத் தெரியவருவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.