திங்கட்கிழமை அனுப்பிய கடிதத்தை அச்சிட வேண்டாம்

செக்கர் ஹால்,
செயின்ட் லூசி, பார்படோஸ்.
புதன்கிழமை காலை

மதிப்பிற்குரிய விளையாட்டுப் பக்க ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஓய்வு பெற்ற தபால்காரன் எவர்ஸ்லி ட்ராட்மன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் அச்சு இயந்திரமும் சுகமாக இருப்பதாக நம்புகிறேன். இயந்திரம் மட்டும் நாளை ஒரு நாள் பழுதாகிக் கிடந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

உங்கள் வியாழக்கிழமை வாசகர் பகுதியில் இருபத்திரண்டு வருடமாக ‘பழைய பந்து’ என்ற பெயரில் எழுதிவருபவன் நான்தான். கென்சிங்டன் மைதானத்தில் டெஸ்ட் என்றால் வேகப்பந்து வீச்சாளர்கள் நாலு பேர் வேண்டும், சுழல்பந்து வீசுகிறவர்கள் வீட்டில் இருந்து ரேடியோ கேட்கலாம் என்று வருடம் தவறாமல் எழுதி, பாதிப் பேரிடம் பாராட்டும் மீதிப் பேரிடம் திட்டும் வாங்கியவன். இங்கிலாந்துடன் வெள்ளிக்கிழமை தொடங்கும் டெஸ்டுக்கு அறிவித்த பதிமூன்று பேரில் டாரியன் ட்ராட்மன் என்ற இடக்கை சுழல்பந்து வீச்சாளரைக் கண்டிப்பாகக் கழித்துவிட வேண்டும் என்றும், அவர் கையில் கேட்ச் நிற்காது என்றும், அவர் ஓடுவதைப் பார்த்தால் ஓடுகிறாரா நிற்கிறாரா என்றே தெரியாது என்றும், எட்டு வயதிலிருந்து அவரை நான் அறிவேன் என்றும் திங்கட்கிழமை உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். அந்த டாரியன் ட்ராட்மன் என் மகன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள், அந்த வேலையை என் மனைவி மார்வா ஏற்கெனவே என் தலையில் செய்துவிட்டாள். குற்றமெல்லாம் கார்லைல் ஸ்கீட்டுடையது. எங்கள் ஊர் பஸ் ஓட்டுநர் அவன். ஞாயிற்றுக்கிழமை மிஸ் ஐனாவின் ரம் கடையில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தோம். கட்டையை மேஜையில் ஓங்கி அறைந்துவிட்டு ஆரம்பித்தான்.

“ரெண்டு மாசமா ஒரு சொட்டு மழை இல்ல. பிட்ச்சுல புல்லே இல்ல, என் மண்டை மாதிரி கிடக்கு. நாலாம் நாள் வெடிப்பு விடும் பாரு. அப்ப உன் நாலு வேகமும் என்ன பண்ணுவானுங்க, வெடிப்புல தண்ணி ஊத்துவானுங்களா? உன் பையன் ஒருத்தன் போதும்யா.”

“நாலாம் நாள் வரைக்கும் எவன்டா ஆடப் போறான்?” என்றேன். “ரெண்டு பக்கமும் மூஞ்சிக்கு நேரா போட்டா இங்கிலாந்துக்காரன் மூணாம் நாள் டீக்கு மூட்டை கட்டிடுவான்.”

அதோடு விட்டிருந்தால் நானும் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன். அவன் விடவில்லை. கடையிலிருந்த எல்லாரையும் பார்த்துச் சொன்னான்: “வாயில சொல்றது சுலபம். இந்த வாரம் ‘பழைய பந்து’ பத்திரிகையில என்ன எழுதுதுன்னு பாப்போம். பெத்த பாசம்! சுழலுக்குப் பல்லக்கு தூக்கி எழுதலன்னா என் பேரை மாத்திக்கிறேன்.” எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் ஐனா கூடச் சிரித்தாள். இருபத்திரண்டு வருடம் கட்டிக் காத்த நேர்மை ஐயா! நேரே வீட்டுக்கு வந்து எழுதினேன். பொதுவாக எழுதினால் நம்பமாட்டார்கள் என்று பெயரைப் போட்டே எழுதினேன். எழுதி முடித்தபோது நான் எவ்வளவு நியாயமானவன் என்று எனக்கே கண் கலங்கியது.

தபால் இலாகா பழக்கம், எதை எழுதினாலும் கார்பன் நகல் வைப்பேன். நேற்றுக் காலை ரேடியோவைத் துடைக்கப் போன மார்வா அதன் அடியிலிருந்து நகலை உருவினாள்.

“ட்ராட்மன், இதை எழுதினது உன் கைதானா, இல்ல பேய் புடிச்சு ஆட்டுச்சா?”

“மார்வா, மனுஷனுக்குக் கொள்கைன்னு ஒண்ணு வேணும்.”

“அப்படியா? மத்தியானம் அதையே தின்னு.”

சும்மா சொன்னாள் என்று நினைத்தேன். மதியம் சாப்பிட டாரியன் வந்தான். அவனுக்குச் சோளமாவில் வெண்டைக்காய் போட்டுக் கிண்டிய கூக்கூவும், எலுமிச்சை பிழிந்த பறக்கும் மீன் குழம்பும். என் தட்டில் அந்தக் கார்பன் நகல், நாலாக மடித்து, பக்கத்தில் ஒரு முட்கரண்டி. பையன் பார்ப்பதற்குள் அதை எடுத்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். குழம்பு வாசனை என் உயிரை எடுத்தது.

அவனுக்கு முப்பத்தொரு வயது. ஆறு வருடமாக அணியோடு தீவு தீவாகப் போகிறான், ஓவர் இடைவெளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்புகிறான். இன்னும் ஒரு டெஸ்ட் ஆடவில்லை. சாப்பிட்டு எழுந்தவன், “அப்பா, கொஞ்சம் பேட்டைப் புடிங்க. புதுசா ஒரு பந்து பழகியிருக்கேன், இன்னும் யாருக்கும் காட்டல” என்றான். பின்பக்கம் ஈரப்பலா மரத்தடியில் எண்ணெய் டிரம்மை ஸ்டம்பாக வைத்து நின்றேன். முதல் பந்து எங்கோ வெளியே போகிறதென்று விட்டுவிட்டேன், டிரம் டங்கென்றது. இரண்டாவதற்குக் காலை நன்றாக முன்னால் வைத்தேன், மறுபடி டங். மூன்றாவதற்கு என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு டங்குக்கும் சமையலறை ஜன்னலிலிருந்து மார்வா கைதட்டினாள். கோழிகளெல்லாம் அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டன.

அப்போதுதான் அவன் பந்தைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னான். “இந்தத் தடவையும் எடுக்கலன்னா விட்டுடலாம்னு இருக்கேன்ப்பா. சர்க்கரை ஆலையில வேலை இருக்காம். நீங்க என்ன நினைக்கிறீங்க? இந்த ஊர்லயே கிரிக்கெட் தெரிஞ்சவர் நீங்கதான்.”

சட்டைக்குள் அந்தக் காகிதம் குத்துகிறது. “பந்து நல்லா திரும்புதுப்பா” என்றேன். ஐயா, அவன் பத்து வயதில் என் கடிதங்களைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைத்தவன். இன்றும் உங்கள் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பான். பதினொரு பேரை நாளை மதியம் அறிவிக்கப் போகிறார்கள், உங்கள் பக்கமோ நாளை காலையே வந்துவிடும். தேர்வாளர்கள் அதைப் படித்துவிட்டு, பெற்ற அப்பனே வேண்டாம் என்கிறானே என்று அவனைக் கழித்தால்? கழிக்காவிட்டாலும், அவன் படித்துவிட்டால் நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வீட்டில் உட்காருவேன்?

நேற்று மாலையே தபால் நிலையத்துக்கு ஓடினேன். நான் பழக்கிவிட்ட மிஸ் யியர்வுட்தான் இப்போது அங்கே. “பெட்டியில விழுந்தது விழுந்ததுதான்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க, மிஸ்டர் ட்ராட்மன்? பை திங்கக்கிழமையே டவுனுக்குப் போயிருச்சு” என்று சிரித்தாள். அங்கிருந்து பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போனால், “நம் ஊர்ப் பிள்ளை டாரியனுக்காகவும், அவனைத் தாங்கி நிற்கும் தகப்பனுக்காகவும்” என்று போதகர் ஜெபிக்கிறார். ஊரே ஆமென் சொன்னது. மார்வா என் விலாவில் இடித்த இடம் இன்னும் வலிக்கிறது.

ஆகவே, ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். திங்கட்கிழமைக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். கிழித்ததையும் எரித்துவிடுங்கள். நாலு வேகம் என்று இனி எழுதவே மாட்டேன், பைபிளில் கை வைத்துச் சொல்கிறேன். மூன்று வேகமும் ஒரு சுழலும்தான் சரி. காய்ந்த பிட்ச், வெடிப்பு, நாலாம் நாள், எல்லாம் கார்லைல் சொன்னபடிதான், அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தபாலை நம்பி இனிப் பயனில்லை என்பதால் இதை அவனுடைய பஸ்ஸிலேயே கொடுத்தனுப்புகிறேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்பான், தோட்டத்துப் பூச்சிமருந்து பற்றி என்று சொல்லிக்கொள்கிறேன். உறையை மாவுப் பசை போட்டு இரண்டு முறை ஒட்டுகிறேன்.

கர்த்தர் உங்களையும், அச்சுக் கோக்கிறவர்களையும், பிழை திருத்துகிறவரையும் காப்பாராக. வீட்டில் அம்மையாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
பசியோடு இருக்கும்,
எவர்ஸ்லி ட்ராட்மன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ரேடியோ கத்தியது. நாளைக்குச் சொல்வார்கள் என்றிருந்ததை இன்றே சொல்லிவிட்டார்கள். டாரியன் இருக்கிறான்! மார்வா முற்றத்தில் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு ஆடுகிறாள், எனக்கும் மீன் வைத்துவிட்டாள். நான் அழுதேன், அதை அச்சிட வேண்டாம். ஆனால் ஐயா, அவனைச் சேர்க்க யாரைக் கழித்திருக்கிறார்கள் தெரியுமா? நாலாவது வேகப்பந்து வீச்சாளரை! கென்சிங்டனில்! இவர்களுக்கு மூளை இருக்கிறதா? அந்த ஆறாவது பேட்ஸ்மனைக் கழித்துவிட்டு டாரியனைச் சேர்க்கத் தெரியாதா? மேலே எழுதியதை எல்லாம் கிழித்துவிட்டு, தயவுசெய்து திங்கட்கிழமைக் கடிதத்தையே போடுங்கள். என் மகன் பெயர் வருகிற இடத்திலெல்லாம் அந்த ஆறாவது பேட்ஸ்மன் பெயரையும், சுழல்பந்து என்ற இடத்தில் பேட்டிங் என்றும் போட்டால் போதும், மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும். எட்டு வயதிலிருந்து அறிவேன் என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அடியில் ‘பழைய பந்து’ என்று போட வேண்டாம், பையன் கண்டுபிடித்துவிடுவான். கார்லைல் ஸ்கீட், பஸ் ஓட்டுநர், செக்கர் ஹால் என்று போடவும். அவனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, இந்த உறையைக் கொண்டுவந்து இப்போது உங்கள் எதிரில் நிற்பவன் அவன்தான்.