தாம்பூலத் தட்டில் ஆஃபர் லெட்டர்

திங்கட்கிழமை வேலையில் சேருகிறேன் என்று சொன்ன ஆறாவது டெவலப்பரும் போனை அணைத்துவிட்டான்.

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தும் தனகோடி அவன் நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். பட்டுப்புடவைக் கடைகளுக்குத் தீபாவளிக்குள் ஆப் செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கம்பெனியில் புரோகிராம் எழுதத் தெரிந்த ஒரே ஆள், அவருடைய அக்கா மகள் இளமதி.

"நம்ம ஆஃபர் லெட்டர காட்டி, இருக்கிற கம்பெனியிலயே சம்பளத்த ஏத்திகிறானுங்க மாமா," என்றாள் அவள்.

"அப்போ நாமளும் ஏத்துவோம்!"

ஏற்றினார். லெட்டர் வாங்கியவர்கள் அதைக் காட்டி இன்னும் தாராளமாக ஏற்றிக்கொண்டார்கள். லெட்டரோடு அம்மாவுக்கு ஒரு பட்டுப்புடவை என்று அறிவித்தார். நாலு புடவை போனது, ஒரு ஆள்கூட வரவில்லை. ஒரு அம்மா மட்டும் போன் செய்தார்.

"பச்ச பார்டர்ல மாத்தி தருவீங்களா?"

அப்போதுதான் தனகோடிக்கு அந்த யோசனை வந்தது. லெட்டரை மீறுகிறவன், பெரியவர்கள் முன்னால் தட்டு மாற்றினால் மீறுவானா?

அடுத்துத் தேறியவன் போளூர்த் தென்னரசு, பெங்களூரில் வேலை. இளமதி வீடியோவில் மூன்று ரவுண்டு இன்டர்வியூ எடுத்திருந்தாள். மூன்றாவது மட்டும் இரண்டரை மணி நேரம்.

"ஆளு சூப்பர் மாமா."

தனகோடி உடனே அவனுக்குப் போன் போட்டார். "அப்பா அம்மாவ கூட்டிகினு வாப்பா. முறையா பேசி முடிச்சிடலாம்."

ஞாயிறு காலை ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். இளமதி காபி கொடுத்தாள். அக்காவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சபை நிறைந்தால் நல்லதுதானே என்று தனகோடி நினைத்துக்கொண்டார்.

வெற்றிலை பாக்கு, பழம், மேலே ஆஃபர் லெட்டர். தட்டு மாற்றினார்கள். தென்னரசின் அப்பா அருணாச்சலம் தனகோடியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வார்த்த மாற மாட்டோங்க."

தனகோடிக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கள் பத்து மணி. தென்னரசு வரவில்லை. பதினொன்றுக்குத் தனகோடி போளூர் வீட்டுக்குப் போன் போட்டார். அருணாச்சலம்தான் எடுத்தார்.

"பையன் எங்கீங்க?"

"அவன் நேத்தே பெங்களூரு பூட்டானே."

"இன்னா இப்டி சொல்றீங்க? தட்டு மாத்தினமே! வார்த்த மாற மாட்டோம்னீங்களே!"

"தாய்மாமன் கையால தட்டு வாங்கிட்டு மாறுவோமாங்க? ஆவணியில கல்யாணம். உங்க லெட்டர காட்டி பையன் சம்பளத்தையும் ஏத்திகினான், இளமதிக்கும் அங்கியே வேல வாங்கிட்டான்!"