அமுங்கிக் கொடுத்த குடல்வால்

அக்கா மகளுக்குத் தாய்மாமன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாகத்தான் இருப்பீர்கள், இருங்கள். என் சுகத்தைத்தான் ஒரு ஸ்கேன் பெட்டி கெடுத்துவிட்டது.

வலது அடிவயிற்றில் சுருக்கென்றதுமே இது குடல்வால்தான் என்று நானே கண்டுபிடித்துவிட்டேன். பெரிய டாக்டர் அதற்கப்புறம்தான் சந்தேகப்பட்டார், அதுவும் நான் எடுத்துக் கொடுத்து. உடனே என் மகனுக்கு, அதாவது உன் அத்தானுக்குப் போன் போட்டு, "அப்பாவுக்கு வயித்தக் கிழிக்கப் போறாங்கடா, பொழைக்கிறது கஷ்டமாம்" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை; நேரமிருந்தால் சொல்லியிருப்பார். தனிக்குடித்தனம் போனதிலிருந்து என் வாசற்படி மிதிக்காத பயல், அடுத்த வண்டியில் வந்து கட்டிலோரம் நின்றான். என் காலைப் பிடித்துக் கதறினான். சரி, போர்வையை இழுத்துவிட்டான், எல்லாம் ஒன்றுதானே?

இப்படிக் கூடி வந்த நேரத்தில், கத்தி வைக்குமுன் ஸ்கேன் என்றார்கள். டாக்டரம்மா ஜில்லென்று எதையோ வயிற்றில் தடவினாள். "ஐயோ!" என்று அலறினேன். "பெரியவரே, நான் இன்னும் அமுக்கவே இல்லையே?" என்றாள். அப்புறம் அமுக்கி, திரையைக் காட்டி, "இதான் உங்க குடல்வால். ஒல்லியா இருக்கு, அமுக்கினா அமுங்குது. கெட்டுப்போயிருந்தா வீங்கி விறைச்சுக்கிட்டு நிக்கும். பக்கத்துல நெறிதான் கட்டியிருக்கு, தானா அடங்கிடும். ஆபரேஷன் வேண்டாம்" என்றாள். மேலதிகாரிக்கே வளைந்து கொடுக்காத உடம்பம்மா இது! பெற்ற பிள்ளையிடமே இறங்கிப் பேசாதவன் வயிற்றுக்குள் இருந்துகொண்டு, எவளோ அமுக்கினாளாம், இது அமுங்கிவிட்டதாம். "நல்லாப் பாருங்க, எங்க பரம்பரையில எதுவும் அமுங்காது" என்றேன். "அது ஒண்ணாவது அமுங்குதே" என்றான் உன் அத்தான். டாக்டரம்மா சிரித்தாள், அவன் சிரிக்கவில்லை. "அப்ப நான் கிளம்பலாமா?" என்று அவளிடம்தான் கேட்டான், என்னிடமில்லை. வந்ததிலிருந்து பையைக்கூடப் பிரிக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போக வசதியாக இருந்தது.

ஆகவே நீ அவனிடம் சொல்: அந்தப் பெட்டி பொய் சொல்லிவிட்டது, மாமா வலியில் துடிக்கிறார், அப்பன் இருக்கிறானா போனானா என்று ஒரு வார்த்தை கேட்காத நீயெல்லாம் ஒரு பிள்ளையா என்று நறுக்கென்று கேள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தைகள் தாத்தாவைப் போல் தலைநிமிர்ந்து வளரட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: வலி அவன் போன மறுநாளே போய்விட்டது. அதை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே. தினமும் சாயங்காலம் போன் பண்ணி, "வலி இருக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறான். இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.