டைகர் இருந்த நோன்பு

கவலைப்படுவதற்குப் படிப்பு வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். ஆனால் கவலையில் என்னை மிஞ்ச இந்தச் செஞ்சியில் ஆள் கிடையாது. எங்கள் தெருவில் நின்று நிமிர்ந்தால் மலை தெரியும். யாரோ அவசர வேலை வந்து பாறை மேல் பாறையை அப்படியே வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். எந்த ராஜா காலத்திலும் உருளாத அந்தப் பாறைகள், நான் துணி காயப்போடும் நேரமாகப் பார்த்து உருளப் போகின்றன என்று கல்யாணமாகி வந்த புதிதில் நம்பினேன். (இப்போதும் நம்புகிறேன். வெளியில் சொல்வதில்லை.) என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் இரண்டு நிமிடம் போனை எடுக்காவிட்டால் போதும், நான் மனதுக்குள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து, கட்டுப் பிரித்து, வீட்டுக்கே கூட்டி வந்திருப்பேன்.

இப்படிப்பட்டவள் கோழி வளர்க்கலாமா? ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் வளர்த்தேன். ஐந்து கோழி, ஒரு சேவல். அதில் சாம்பல் நிறக் கோழி ஒன்று பதிமூன்று முட்டை இட்டு அடைக்கு உட்கார்ந்தது. முட்டைகளோடு ஒரு இரும்பு ஆணியும் ஒரு காய்ந்த மிளகாயும் வைப்பது வழக்கம், இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகாதாம். ஊரில் எல்லோரும் ஒரு ஆணி வைப்பார்கள். நான் ஒரு கைப்பிடி வைத்தேன். கோழி எழுந்து நின்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அதன் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடை மேல் ஒரு கல்லையும் வைத்தேன்.

கல் எதற்கு என்றால், பக்கத்து வீட்டு நாய் டைகருக்காக.

பக்கத்து வீடு பத்மா அக்கா வீடு. பரம்பரையாக இந்தப் பக்கத்து ஜைனக் குடும்பம். அக்காவின் வீட்டுக்காரர் தரணி அண்ணன் நெல், மணிலாக் கொட்டை வியாபாரம். கறி, முட்டை என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாது. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். டைகருக்கும் அதே நேரம், அதே தயிர்சோறு. ஆனால் சாப்பிட்ட கையோடு அது சுவரைத் தாண்டி எங்கள் தோட்டத்துக்கு வந்துவிடும். கோழிகளைத் துரத்தும். ஒருநாள் சேவலின் வால் இறகு இரண்டு அதன் வாயில் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நேராகப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். ஆனால் செஞ்சிக்கு வாழ வந்த எனக்குத் தாய் வீடு மாதிரி இருந்தது பத்மா அக்கா ஒருவர்தான். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க மனு எழுதியது அவர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்தது அவர். கோழியும் போகக் கூடாது, அக்காவும் போகக் கூடாது. அதற்காகத்தான் அத்தனை தவிப்பும்.

மூன்று முறை புகார் சொல்லப் போனேன். முதல் முறை கருவேப்பிலை வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டாம் முறை ஊறுகாய். மூன்றாம் முறை தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "அக்கா, டைகர் நம்ம கோழிங்களப் பாக்கற பார்வையே சரியில்லக்கா" என்று பாதி வரைக்கும் சொல்லிவிட்டேன்.

"டைகரா?" அக்கா சிரித்தார். "அது எறும்பு போனாக்கூட நின்னு வழி வுடும் செல்வி. கோழின்னா தின்ற பொருளுன்னே அதுக்குத் தெரியாது. வெளயாடுது. இந்தா, முறுக்கு சுட்டேன், எடுத்துக்கினு போ."

அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. அந்த உண்மையோடு நான் முறுக்கைத் தின்றுவிட்டுப் படுத்திருக்கலாம்.

ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாதான் யோசனை சொன்னது. "நம்ம கையால சோறு தின்ன நாயி, நம்ம வூட்டுப் பொருளத் தொடாதும்மா. சோத்தப் போட்டுப் பழக்கு." என் மண்டையில் பல்பு எரிந்தது. டைகர் விளக்கு வைப்பதற்கு முன்னால் சாப்பிடுகிறது. ஏழரைக்கு அதற்குப் பசிக்குமா, பசிக்காதா? பசியில்தானே கோழியைப் பார்க்கிறது? பசியைத் தீர்த்துவிட்டால்? எட்டாவதில் கணக்கு வராத எனக்கு இந்தக் கணக்கு அவ்வளவு அழகாக வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் கோழிக் குழம்பு. (கடைக் கோழிதான். என் கோழியை நான் அறுப்பேனா?) மிச்சமிருந்த சோற்றில் இரண்டு கரண்டி குழம்பை ஊற்றிப் பிசைந்து பின்வாசலில் வைத்தேன். டைகர் வந்தது. மோந்தது. ஒரு வாய் தின்றது. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது பாருங்கள், என் கல்யாணத்தில்கூட என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

நான் பாதுகாக்க நினைத்த பொருள் கோழி. அதைப் பாதுகாக்க நான் ஊட்டிய பொருள் கோழிக் குழம்பு. இது எனக்கு உறைக்கவே இல்லை. அடுத்த நாளும் வைத்தேன். அதற்கு அடுத்த நாளும். டைகர் கோழிகளைத் துரத்துவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக ஓரமாக உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தது. "பாத்தீங்களா, எப்டி அடங்கிடுச்சு" என்று வீட்டுக்காரரிடம் பெருமை அடித்தேன்.

அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அடங்கலடி. யோசிக்குது" என்றார்.

ஒரு வாரம் போனது. பத்மா அக்கா வருஷா வருஷம் இருக்கும் பத்து நாள் நோன்பு அப்போதுதான் ஆரம்பித்தது. ஒரு பொழுது மட்டும் சாப்பாடு, அதுவும் உப்பு உறைப்பு இல்லாமல். இரண்டாம் நாள் அக்கா சுவரோரம் வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"செல்வி, ஒரு அதிசயம் கேளு. டைகர் ரெண்டு நாளா தயிர்சோறத் தொடல. நான் நோன்பு இருக்கேன் இல்ல, அதுவும் என்கூட இருக்குது."

"அப்டியாக்கா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நாய் பட்டினி, பட்டினியில் என் கோழி மேல் பாயும் என்று பயம். நிறுத்தாவிட்டால் அக்காவை ஏமாற்றுகிறோமே என்று பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் நான் டைகருக்குச் சோறு போட்டுக்கொண்டே இருந்தேன். நாய் நோன்பு இருக்கும் சேதி தெரு முழுக்கப் பரவியது. பார்க்க ஆட்கள் வந்தார்கள். போன ஜென்மத்தில் புண்ணியம் செய்த ஜீவன் என்றார்கள். டைகரும் முன்காலை மடக்கி, கண்ணைப் பாதி மூடிப் படுத்திருந்தது. (தின்ற மயக்கம்.) தரணி அண்ணன் மட்டும் ஒருநாள் என்னிடம், "நோன்புல ஒடம்பு எளைக்கும்னு சொல்வாங்க. இவனுக்குக் கழுத்துப் பட்டைய ரெண்டு ஓட்டை தள்ளிப் போட்டேன்மா" என்றார். நான் மலையைப் பார்த்தேன். அந்த நேரம் பாறை உருண்டால்கூடத் தேவலை என்று இருந்தது.

நோன்பு முடிக்கும் நாள். அனந்தபுரத்திலிருந்தும் மண்டகப்பட்டுப் பக்கமிருந்தும் அக்காவின் சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அக்காவைப் பார்க்க வந்தவர்கள் பாதி, டைகரைப் பார்க்க வந்தவர்கள் பாதி. என்னையும் அக்கா கூப்பிட்டிருந்தார். நான் போனேன். போனேனே தவிர மனம் கூடையிலேயே இருந்தது, பொரிக்க இன்னும் மூன்று நாள்தான். இரண்டு தடவை வீட்டுக்கு ஓடிக் கல்லை எடுத்து, கோழியைப் பார்த்து, கல்லை வைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் தடவையும் ஓடினேன். கல்லை எடுத்தேன், பார்த்தேன், வந்துவிட்டேன். வைக்கவில்லை.

இலை போட்டார்கள். அக்கா நடுவில் உட்கார்ந்தார். அவர் பக்கத்திலேயே டைகருக்கு ஒரு சின்ன இலை, அதில் பாயசம். "எங்க நம்ம நோன்புக்காரரு?" என்று அக்காவின் அனந்தபுரத்துப் பெரியம்மா கேட்டார். அக்கா குரல் கொடுத்தார். சுவர்ப் பக்கம் சத்தம் கேட்டது. டைகர் வந்தது.

வாயில் என் சாம்பல் கோழி.

கடிக்கவில்லை. குழந்தையைத் தூக்குகிற மாதிரி அவ்வளவு பதமாகத் தூக்கி வந்திருந்தது. நேராக நடந்து, அக்காவின் மடியில் கோழியை வைத்து, இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, வாலை ஆட்டியது. கோழியைக் கொடுத்தால் பெண்கள் அதைக் குழம்பாக்கிக் கொடுப்பார்கள் என்று அதற்கு எப்படியோ புரிந்திருந்தது.

கோழி அக்காவின் மடியில் எச்சில் இறகோடு உட்கார்ந்து எல்லோரையும் பார்த்தது. அப்போது அந்தப் பெரியம்மா, டைகர் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பூனைகீனை தூக்க வந்துருக்கும். பாவம், நோன்பு இருந்த ஜீவன், காப்பாத்திக் கொண்டாந்து மடியில போட்டுருக்குது."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தப்பித்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அந்தக் கதை இன்று அனந்தபுரத்தில் பக்தியோடு சொல்லப்படும்.

"இல்லைங்க," என்றேன் நான். "அது காப்பாத்தலைங்க. நான்தான் கொழம்பு ஊத்துனேன்."

"இன்னா கொழம்பு?" என்றார் பெரியம்மா.

"ஞாயித்துக்கெழம கோழி. பொதன்கெழம முட்ட. நடுவுல ஒருநாள் கருவாடு. ஆனா எலும்பு போடலைங்க, சத்தியமா. தொண்டையில குத்திக்கும்னு பயமா இருந்துச்சு."

கடைசி வரியை நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். பெரியம்மா டைகர் தலையிலிருந்து கையை மெதுவாக எடுத்து, கை கழுவ எங்கே தண்ணீர் என்று கேட்டார்.

"எத்தினி நாளா?" என்றார் தரணி அண்ணன்.

"நோன்புக்கு ஒரு வாரம் முன்னாடிலேர்ந்து அண்ணா."

"அதான் பட்டை," என்றார் அவர் மெதுவாக. வேறு யாரிடமும் இல்லை, தனக்குத்தானே.

பத்மா அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மடியிலிருந்த கோழியைப் பார்த்தபடியே கேட்டார். "இது அடையில இருந்ததுதான?"

"ஆமாக்கா."

"முட்ட எத்தினி?"

"பதிமூணுக்கா."

"பதிமூணு உசுரு அங்க ஆறிக்கினு கெடக்குது. நீ இங்க நின்னு கெழம கெழமையா கொழம்பு சொல்லிக்கினு இருக்கற. எடுத்துக்கினு ஓடு."

பிறந்ததிலிருந்து கோழியைத் தொட்டிராத கையால் அக்கா அதைத் தூக்கி என்னிடம் நீட்டினார். ஓடினேன். கோழி உடனே உட்காரவில்லை, கூடையைச் சுற்றிச் சுற்றி வந்து திட்டியது. பிறகு என்ன நினைத்ததோ, ஏறி உட்கார்ந்தது. நானும் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து முழுக் கதையையும் கேட்டார். "உன்ன யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்றம் ஏண்டி சொன்ன?"

"கேட்டுடுவாங்கன்னு பயமா இருந்துச்சு."

அவர் போய் ஆட்டோவைத் துடைக்க ஆரம்பித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாள் அக்கா சுவர்ப் பக்கம் வரவில்லை. டைகரைக் கட்டிப் போட்டிருந்தார்கள். ஏழரை மணிக்கு அது என்னைக் கூப்பிட்டு அழும். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுவேன். கருவேப்பிலை இல்லாமலே மூன்று நாள் தாளித்தேன். கடையில் கிடைக்காமல் இல்லை. வாங்க மனம் வரவில்லை.

நான்காம் நாள் காலை கூடைக்குள் கீச்சென்று சத்தம். கூடையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது.

"பொரிஞ்சிச்சா?"

எழுந்து நின்றுவிட்டேன். "ஒம்போது வந்துருக்குதுக்கா. இன்னும் நாலு..."

"இரு, இரு. முட்டையப் போயித் தட்டிக்கினு இருக்காத. உன்னால சும்மா இருக்க முடியாது, எனக்குத் தெரியும்." அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வந்து என் பக்கத்தில் குந்தினார். "இருவத்தோராம் நாளுன்னு எங்க வூட்டு வேலக்காரம்மா சொன்னா. நானும் எண்ணிக்கினுதான் இருந்தேன்."

மதியத்துக்குள் பதினொன்று ஆனது. இரண்டு கூமுட்டை. அது என்னால்தானா என்று கேட்டேன். "எல்லாத்தயும் நீயே எடுத்து மேல போட்டுக்காத" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "மொதல்லயே எங்கிட்ட சொல்லி இருக்கலாம் இல்ல?" என்றார்.

"மூணு தரம் வந்தேன்க்கா சொல்றதுக்கு."

"வந்து?"

"கருவேப்பில வாங்கினு போயிட்டேன்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, "பெரியம்மா ரெண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவுனாங்க செல்வி" என்று சொல்லி மறுபடி சிரித்தார்.

தரணி அண்ணன் சுவருக்கு மேல் கம்பி வலை அடித்தார். கோழிகள் அடையும் வரை டைகரைக் கட்டி வைத்தார்கள். தயிர்சோற்றுக்கு அது திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. முதல் வாரம் இலையைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்ளுமாம்.

இன்றைக்கும் அவர்கள் சொந்தத்தில் யாராவது நோன்பு என்று சொன்னால், "நெஜ நோன்பா, டைகர் நோன்பா?" என்று கேட்கிறார்கள். அனந்தபுரத்துப் பெரியம்மாதான் ஆரம்பித்து வைத்தது என்று கேள்வி. அக்காவின் பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். லீவில் வந்து, பசிக்கவில்லை என்று இலையை விட்டு எழுந்தால் போதும், அக்கா அவனிடம் ஒன்றும் கேட்பதில்லை. நேராகச் சுவரோரம் வந்து குரல் கொடுப்பார்.

"செல்வி, இன்னிக்கு உங்க வூட்ல இன்னா கொழம்பு?"

"சத்தியமா வெறும் ரசம்தான்க்கா" என்பேன்.

"நம்பிட்டேன்," என்பார் அக்கா. பின்னாலேயே தரணி அண்ணன் கேட்டைத் திறந்து வந்து, என் அடுப்பங்கரை ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.