எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் அழுத கதை

இனி எங்கள் வீட்டில் எந்தச் சாமான் பழுதானாலும் நானேதான் திருத்துவேன் என்று அன்று முடிவெடுத்தேன். காரணம், பிரிட்ஜ் அழத் தொடங்கியிருந்தது. மரக்கறித் தட்டில் குளம், குசினித் தரையில் ஆறு.

“இஞ்சேருங்கோ, திருத்திற ஆளைக் கூப்பிடட்டோ?” என்றாள் மனைவி தங்கமலர்.

“என்னத்துக்கு? முதியோர் இல்லத்தில கட்டிலையே ஏத்தி இறக்கிற எனக்கு இது ஒரு வேலையே?”

“கட்டிலுக்குச் சுவிச் இருக்கு. பிரிட்ஜில எதை அமத்தப் போறியள்?”

எனக்கு அந்தப் பிரிட்ஜோடு ஒரு அந்தரங்கம் உண்டு. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். போன கோடையில் டொக்டர் என் கொலஸ்ட்ரோலைப் பார்த்து முகம் சுளித்தார். அன்றோடு எனக்கு ஆட்டிறைச்சி தடை. மகன் சுஜனுக்கென்று மட்டும் ஒரு சட்டி இறைச்சிக்கறி பிரிட்ஜில் இருக்கும். நான் வேலை முடிந்து வரும் நேரம் தங்கமலர் தன் கடை வேலையில் நிற்பாள். பிரிட்ஜைத் திறந்து, நின்ற நிலையிலேயே நாலு துண்டு விழுங்குவேன். ஆட்டிறைச்சியில் என் நாக்கை ஏமாற்ற எவராலும் முடியாது.

பிறகு நெஞ்சைத் தடவிக்கொண்டு முருகனைக் கூப்பிடுவேன். முருகன் கைவிடவில்லை. போன கிழமை டொக்டர், கொலஸ்ட்ரோல் நன்றாக இறங்கிவிட்டது என்று கை குலுக்கினார்.

நான் திருத்தத் தொடங்க, தங்கமலர் ரோச் லைற் பிடித்தாள். பிரிட்ஜின் உள்ளே பின்சுவரில், தண்ணீர் வடியும் சின்னத் துளை அடைத்திருந்தது. காது துடைக்கும் குச்சியை விட்டுக் கிண்டினேன். ஒரு கறிவேப்பிலை வந்தது. பின்னால் அதன் குடும்பமே வந்தது. எல்லாம் சூப்பியவை.

எங்கள் வீட்டில் கறிவேப்பிலையைத் துப்புகிறவன் நான் ஒருவன்தான். குப்பை வாளியில் போட்டால் பிடிபடுவேன் என்று பிரிட்ஜின் மூலையில் செருகியது என் கெட்டித்தனம். கையைப் பொத்திக்கொண்டேன். தண்ணீர் கடகடவென்று இறங்கியது.

“என்னப்பா அது?”

“ஐஸ்.”

“பச்சை ஐஸோ? கையைத் திறவுங்கோ.”

திறந்தேன். சட்டிக்குப் பூட்டு விழப்போகிறது என்று நடுங்கினேன். அவளோ சிரித்தாள்.

“பயப்பிடாதேங்கோ. நீங்கள் களவெடுப்பியள் எண்டு தெரிஞ்சுதான் அந்தச் சட்டியை வச்சனான். அது ஆட்டிறைச்சி இல்லை, சோயா.”

“சோயாவோ? அப்ப சுஜன்?”

“அவன் ஒரு வாய் வச்சிட்டு, இதை அப்பா என்னெண்டு சாப்பிடுறார் எண்டு கேட்டவன். பிறகு பீட்சா வாங்கப் போனவன்.”

வெட்கப்பட வேண்டிய இடம். எனக்கு வந்ததோ பெரிய நிம்மதி. இத்தனை மாதமும் பயந்து பயந்து தடவிய நெஞ்சுக்கு ஒன்றுமே இல்லை. அவள் கையைப் பிடித்துக் கும்பிடலாம் போலிருந்தது.

தங்கமலர் பிரிட்ஜின் கதவை மெல்லச் சாத்தினாள்.

“பாவம், இனி இதுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது. நாளையில இருந்து உங்கட களவுச் சட்டிக்குக் கறிவேப்பிலை போடாமல் வைக்கிறன்.”